ஓல்-மவுண்டன் ஸ்கீயின் எடை, வடிவம், நீளம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருந்துகொண்டு, பனிமலையில் சறுக்கி இறங்கக் காலில் பூட்டும் ஸ்கீப் பலகையைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். குடாநாட்டில் பெயரிலாவது மலை இருப்பது கீரிமலைக்குத்தான். அங்கேயும் இருப்பது கடலோரத்தில் ஒரு கேணி. ஆனால் இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் வளருகிறார்கள். பள்ளிக்கூடமே அவர்களைக் குளிர்கால முகாமுக்குக் கூட்டிப்போய்ப் பலகையில் ஏற்றிவிடுகிறது. பிள்ளை பழகிவிட்டால் அடுத்த வருடம் தகப்பனுக்கும் ஆசை வருகிறது. நான் சுவிஸில் ஸ்கீ வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றின் பட்டறையில் 14 குளிர்காலம் விளிம்பு தீட்டியும் மெழுகு பூசியும் காலம் கழித்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு மருமகனோ பெறாமகனோ கைத்தொலைபேசியில் ஒரு ஸ்கீயின் படத்தைக் காட்டி, "சித்தப்பா, இது எனக்குச் சரிவருமா?" என்று கேட்கிறான். சொல்லிச் சொல்லி வாய் களைத்துவிட்டது. இனி இதைக் காட்டிவிடலாம்.

ஓல்-மவுண்டன் என்று எதைச் சொல்கிறார்கள்?

மலையில் எந்தப் பக்கம் இறங்கினாலும் ஓரளவு கைகொடுக்கும் ஸ்கீயை. காலையில் இயந்திரம் ஓட்டிச் சமப்படுத்திய கெட்டிப்பாதை, பத்து மணிக்கு மேல் ஆட்கள் இறங்கி இறங்கிக் கிளறிவிட்ட குழம்பல் பனி, பாதையோரத்தில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும் புதுப்பனி, மூன்றுக்கும் ஒரே சோடியோடு போகலாம். கெட்டிப்பாதையில் வளைந்து வளைந்து இறங்குவதற்கென்றே செய்த ஸ்கீயின் இடுப்பு, அதாவது நடுவில் ஒடுங்கிய இடத்தின் அகலம், 65 முதல் 75 மில்லிமீற்றர் வரை இருக்கும். ஆழமான தூள்பனிக்குச் செய்தது 105க்கு மேலே போகும். ஓல்-மவுண்டன் இடையில், 80 தொடக்கம் 100 வரை. வீட்டில் ஒரே கத்தி வைத்திருப்பவர் வெங்காயத்தையும் அதனால்தான் அரிவார், பலாப்பழத்தையும் அதனால்தான் பிளப்பார். அந்த ஒரே கத்தி இது. எதிலும் முதலிடம் வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பலகையின் மேல் 176, 128-88-110, R18 என்று எழுதியிருக்கிறது. என்ன பொருள்?

176 என்பது நீளம், சென்ரிமீற்றரில். அடுத்த மூன்றும் மில்லிமீற்றரில் அகலம்: மூக்கு, இடுப்பு, வால் என்ற வரிசையில். R18 என்றால் அந்தப் பலகையின் ஓரக் கோடு 18 மீற்றர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு என்று பொருள். எடையைப் பலகையில் எழுதுவது அரிது. விவரப் பட்டியலில் தேட வேண்டும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சில தயாரிப்பாளர்கள் ஒற்றைப் பலகையின் எடையைத் தருவார்கள், சிலர் சோடியின் எடையைத் தருவார்கள். சப்பாத்தைப் பலகையில் பூட்டும் பைண்டிங் இரண்டிலும் சேர்ந்திருக்காது; அது காலுக்கு ஒரு கிலோ அளவில் தனியே வரும். "இது 1,800 கிராம், அது 3,600 கிராம், அது இரண்டு மடங்கு பாரம்" என்று கணக்குப் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இரண்டும் ஒரே எடைதான்.

என் உயரத்துக்கு எத்தனை சென்ரிமீற்றர் வாங்க வேண்டும்?

எல்லோரும் முதலில் கேட்பது இது. நான் கடைசியாகப் பதில் சொல்ல விரும்புவதும் இது. உங்கள் உயரம் ஸ்கீக்குத் தெரியாது. மேலே நிற்பவரின் பாரம் தெரியும், அவர் எந்த வேகத்தில் வருகிறார் என்பது தெரியும். உயரத்தைக் கேட்பது, உயரமானவர் பெரும்பாலும் பாரமாகவும் இருப்பார் என்ற கைக்கணக்கினால்தான்.

அந்தக் கைக்கணக்கு இது: பலகையை நிமிர்த்திப் பிடித்தால், புதிதாகப் பழகுகிறவருக்கு நாடியளவு, தடுமாறாமல் இறங்குகிறவருக்கு மூக்குக்கும் நெற்றிக்கும் இடையில், வேகமாகப் போகிறவருக்குத் தலையளவு அல்லது அதற்குச் சற்று மேல். உயரத்துக்கு மிஞ்சிய எடை உள்ளவர் ஒரு அளவு கூட்டலாம். மெலிந்தவர் ஒரு அளவு குறைக்கலாம். தயாரிப்பாளர்கள் 7, 8 சென்ரிமீற்றர் இடைவெளியில்தான் அளவுகளை வைத்திருக்கிறார்கள் என்பதால், கடைசியில் உங்கள் கையில் இருப்பது இரண்டே தெரிவுகள்.

நீளம் என்ன செய்கிறது என்பதைக் குருநகர்க் கரையில் நின்று பார்த்தாலே விளங்கும். சிறிய வள்ளம் ஒவ்வோர் அலையிலும் ஏறி இறங்குகிறது. நீண்ட படகு ஓர் அலையிலிருந்து அடுத்த அலைக்குப் பாலம் போட்டதுபோலப் போகிறது. நீண்ட ஸ்கீயும் அப்படித்தான்: குழம்பல் பனியில் மேடு பள்ளங்களை இணைத்துக்கொண்டு போகும், முன்பின்னாகத் தூக்கிப் போடாது, வேகத்தில் நடுங்காது. பனியைக் கடிக்கும் விளிம்பும் நீளம். விலை என்னவென்றால், ஒடுக்கமான இடத்தில் திருப்ப நேரமெடுக்கும். மேட்டுக் குவியல்களுக்கு நடுவிலும் மரங்களுக்கு இடையிலும் நீளமான பலகை ஒரு தொல்லை.

என் நண்பனுடையதும் 180, என்னுடையதும் 180. அவனுடையது மட்டும் சின்னப் பலகை மாதிரித் திரும்புகிறதே?

ரொக்கரை, அதாவது பலகையின் நுனிப் பக்கம் தரையை விட்டு மேலே வளைந்திருப்பதை, பாருங்கள். இரண்டு பலகைகளையும் அடிப்பக்கம் அடிப்பக்கமாகச் சேர்த்துப் பிடித்து நடுவில் கையால் நெருக்குங்கள். பழைய வகைப் பலகை என்றால், நெருக்குவதற்கு முன் நடுவில் இடைவெளி இருக்கும். இதைத்தான் கேம்பர் என்கிறார்கள். நெருக்கியதும் மூக்கு நுனிக்குக் கிட்ட இருந்து வால் வரை ஒட்டிக்கொள்ளும். ரொக்கர் உள்ள பலகையில் நடு ஒட்டிய பிறகும் மூக்குப் பக்கம் கூப்பிய கை விரல் விரிந்ததுபோலப் பிரிந்தே நிற்கும்.

இன்னொரு வழி, வீட்டில் செய்யக்கூடியது. சிமெந்துத் தரையில் ஸ்கீயை வைத்து, நடுவில் ஒருவரை ஏறி நிற்கச் சொல்லுங்கள். ஒரு கடதாசித் தாளை மூக்குப் பக்கத்திலிருந்து அடியில் செருகிக்கொண்டே வாருங்கள். தாள் எங்கே தட்டி நிற்கிறதோ அங்கேதான் பலகை தரையைத் தொடுகிறது. வால் பக்கமும் அதேபோல் செய்து இரண்டுக்கும் இடையை அளவுநாடாவால் அளந்து பாருங்கள். 180 என்று எழுதிய பலகையில் 140 சென்ரிமீற்றர் மட்டுமே தரையைத் தொடுவது சாதாரணம். கெட்டிப் பனியில் உங்களுக்கு உதவப்போவது அந்த 140தான். சாய்க்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். புதுப்பனியில் புதையும்போதுதான் முழு 180உம் வேலை செய்யும். இதனால்தான் ரொக்கர் நிறைய உள்ள ஸ்கீயை வழமையைவிட ஒரு அளவு நீளமாக வாங்கச் சொல்கிறோம்.

ஒரு துணைச்செய்தி: சிலர் பலகையின் வளைவோடு சேர்த்து நீளத்தை அளக்கிறார்கள், சிலர் நுனிக்கும் நுனிக்கும் நேர்கோட்டில் அளக்கிறார்கள். ஒரே எண் எழுதிய இரண்டு பலகைகளை அருகருகே நிறுத்தினால் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் தெரிந்தால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

பாரமான ஸ்கீ நல்லதா, இலேசானது நல்லதா?

ஏறக்குறைய 176 அளவில் ஒற்றைப் பலகை 1,500 கிராமுக்குக் கீழே இருந்தால், அது காலால் மலையேறிப் போகிறவர்களுக்கான ஸ்கீயின் பக்கம் சாய்கிறது. 1,600 முதல் 1,750 வரை இலேசான ஓல்-மவுண்டன். 1,750 முதல் 1,950 நடுத்தரம். 2,000க்கு மேல் போனால் பாரம். இது என் பட்டறைத் தராசுக் கணக்கு, கல்வெட்டு அல்ல.

இனி விடயத்துக்கு வருவோம். "400 கிராம் கூடினால் களைப்பு வரும்" என்று பயப்படுகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். மேலே ஏற்றுவது கேபிள் கார். கீழே இழுப்பது மலை. 80 கிலோ ஆளுக்கு 400 கிராம் கூடினால் இறங்கும் வேகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. மாறுவது வேறு. உங்கள் முழங்காலும் கணுக்காலும் ஸ்பிரிங் மாதிரி. உடம்பு அதற்கு மேலே இருக்கிறது, பலகை கீழே இருக்கிறது. பனிக்கட்டித் துண்டில் மோதும்போது உதைபடுவது உடம்பு அல்ல, அந்த இரண்டு கிலோவுக்குள் உள்ள பலகை. அதே உதையில் இலேசான பலகை அதிகமாகத் தூக்கி எறியப்படும். பாரமானது குறைவாக அசையும்.

தட்டிவானில் பயணம் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் வெறுமையாக வரும்போது குன்றும் குழியுமான வீதியில் அது துள்ளுகிற துள்ளல் பல்லை ஆட்டும். சந்தைக்கு வாழைக்குலையும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போகும்போது அதே வீதியில் அசைந்து அசைந்து அமைதியாகப் போகும். மதியத்துக்குப் பிந்திய குழம்பல் பனியில் இலேசான ஸ்கீ அந்த வெறுமையான தட்டிவான்.

அப்படியென்றால் பாரமே நல்லது என்று முடிவுகட்டவும் வேண்டாம். பாரமான பலகை பெரும்பாலும் விறைப்பான பலகை. அதை வளைக்க வேகம் வேண்டும், எடை வேண்டும், இரண்டும் இல்லையென்றால் தொடை வேண்டும். கடையில் ஒருநாள் 60 கிலோ இருக்கக்கூடிய ஒருவர், உலோகத் தகடு இரண்டு வைத்த மிகப் பாரமான மாதிரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கிப்போனார். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றக் குனிந்தபோது முழங்கால் இரண்டும் நடுங்கியதை நான் கண்டேன். பேசாமல் 1,700 கிராம் பலகையைக் கொடுத்து அனுப்பினேன். மாலையில் கடை பூட்டும் நேரத்தில்தான் அதைக் கொண்டுவந்து தந்தார்.

எடையைக் காலால் சுமக்கிறவர்கள் மட்டும், அதாவது லிப்ட் இல்லாத இடத்தில் ஏறி இறங்குகிறவர்கள், கிராம் கிராமாகக் கணக்குப் பார்க்கட்டும். ஒவ்வோர் அடியிலும் அவர்கள் அதைத் தூக்குகிறார்கள்.

எடை ஒன்றுதான், ஆனாலும் ஒன்று இலேசாகத் திரும்புகிறது, மற்றது திரும்பவில்லை. ஏன்?

எடை எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். என்னைக் கேட்டால், ஸ்கீயின் எடையைப் பற்றிப் பேசுவதில் பாதிப் பேச்சு இதைப் பற்றியதாக இருக்க வேண்டும். விவரப் பட்டியலில் இதற்கு எண்ணே கிடையாது.

கொக்கைத்தடியை எடுத்து மாங்காய் பறித்த கை எல்லோருக்கும் உண்டு. தடியை நடுவில் பிடித்து இடமும் வலமும் ஆட்டிப் பாருங்கள். பிறகு அதன் நுனியில் ஒரு மாங்காயைக் கட்டிவிட்டு ஆட்டுங்கள். பிறகு அந்த மாங்காயை அவிழ்த்துக் கைக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஆட்டுங்கள். தராசில் வைத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே எடை. கை சொல்வது வேறு.

கணக்காகச் சொன்னால், சுழற்றுவதற்கான சிரமம் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. சப்பாத்தின் நடுவிலிருந்து 10 சென்ரிமீற்றரில் இருக்கும் 50 கிராமோடு ஒப்பிட்டால், 80 சென்ரிமீற்றரில் மூக்கில் இருக்கும் 50 கிராம் 64 மடங்கு சிரமம் தரும். இதனால்தான் நல்ல தயாரிப்பாளர்கள் நடுவில் கனமான மரமும் மூக்கிலும் வாலிலும் இலேசான மரமும் வைக்கிறார்கள். சிலர் மூக்கின் உள்ளே வெற்றிடம் விடுகிறார்கள். நீளம் கூடும்போது திருப்பச் சிரமமாவதன் பெரும்பங்கும் இதுதான். அகலமான மூக்குக்கும் இதே தண்டனை உண்டு.

கடையில் செய்யக்கூடிய சோதனை: பைண்டிங் பூட்டும் இடத்தில் ஒரு கையால் பலகையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி இடம் வலமாக வீசிப் பாருங்கள். அடுத்த மாதிரியை அதேபோல் வீசுங்கள். பக்கத்தில் நிற்பவர்களை விலகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நான் ஒருமுறை கண்ணாடி அலுமாரி ஒன்றை உடைத்திருக்கிறேன்.

உள்ளே டைட்டனல் இருக்கிறது என்கிறார்கள். டைட்டேனியமா?

இல்லை. பெயரைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் ஏராளம். அது அலுமினியக் கலப்பு உலோகம். துத்தநாகம், மக்னீசியம், செம்பு சேர்ந்தது. ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்பில் தகடாக மரத்தின் மேலும் கீழும் ஒட்டுவார்கள். 175 சென்ரிமீற்றர் நீளத்துக்கு அப்படியொரு தகடு 200 கிராமுக்குச் சற்று மேல் வரும். இரண்டு போட்டால் 400க்கு மேல். அந்த எடைக்கு ஈடாகக் கிடைப்பது அதிர்வை விழுங்கும் அமைதியும், பலகை முறுக்கிக்கொள்ளாமல் நிற்கும் உறுதியும். இப்போது பலர் தகட்டை முழு அகலத்துக்கும் போடாமல், மூக்குப் பக்கம் ஒடுக்கி அல்லது நடுவில் மட்டும் வைக்கிறார்கள். மேலே சொன்ன மாங்காய்க் கணக்குத்தான் காரணம்.

நடு மரம் பெரும்பாலும் பொப்லர், பீச், ஆஷ். இலேசாக்க வேண்டுமென்றால் பவுலோனியா, பால்சா. நம் ஊர்க் கண்ணால் பார்த்தால் ஒரு பக்கம் வயிரம் பாய்ந்த பனஞ்சிலாகை, மறு பக்கம் முருங்கைக் கட்டை. அதைச் சுற்றிக் கண்ணாடிநார். நோர்வேயின் உதவியோடு காரைநகரில் உருவான சீநோர் படகுத் தளத்தில் கண்ணாடிநாரையும் பசையையும் அடுக்கடுக்காக ஒட்டிப் படகு செய்வதைப் பார்த்தவர்களுக்கு ஸ்கீ பிறக்கும் விதம் புதிதாக இருக்காது. அடுக்கு ஒன்று கூடினால் உறுதி, ஒன்று குறைந்தால் இலேசு.

இடுப்பு அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

அகலம் எதற்கு என்று முதலில் பார்ப்போம். 80 கிலோ ஆள் வெறும் சப்பாத்தோடு பனியில் நின்றால் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 130 கிராம் அளவில் அழுத்தம். முழங்கால் வரை புதைவார். 176 நீளம், 88 இடுப்பு உள்ள சோடியின் மேல் அதே ஆள் நின்றால் அது 22 கிராமாகக் குறைகிறது. இடுப்பை 98 ஆக்கினால் பரப்பு இன்னும் பத்து வீதமளவு கூடி, 20க்கு வருகிறது. புதுப்பனியில் மிதக்க இது உதவும். ஆனால் முதல் தாவலோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு சிறியது என்று பாருங்கள்! "தூள்பனிக்கு 100 இல்லாமல் முடியாது" என்று மைத்துனர்மார் சொல்வதை நான் பாதிதான் நம்புவேன்.

கெட்டிப் பனியில் கதை தலைகீழ். சப்பாத்தின் அடி ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அகலம். இடுப்பு அதைவிட ஒடுக்கமாக இருந்தால் விளிம்பு நேரே காலுக்குக் கீழே இருக்கும், சாய்த்தவுடன் கடிக்கும். இடுப்பு 100 என்றால் விளிம்பு காலுக்கு வெளியே ஒன்றரைச் சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது. பனி அங்கிருந்து மேலே தள்ளும்போது பலகையைத் திரும்பவும் தட்டையாக்கப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிப்பது கணுக்காலும் முழங்காலும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் எடுக்கும். பனிக்கட்டி படிந்த சரிவில் ஒரு நாள் முழுக்க 104இல் இறங்கியவர் அடுத்த நாள் படியிறங்குவதைப் பார்த்தால் வயது பத்துக் கூடியதுபோல் இருக்கும்.

வருடத்துக்கு ஆறு, ஏழு நாள், பெரும்பாலும் பாதையில் இறங்குகிற ஆளுக்கு 82 முதல் 90 வரை போதும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

நடு ஒடுங்கி இரு பக்கமும் அகன்ற வடிவம் எதற்கு?

உடுக்கை நீட்டி இழுத்தால் வருவது ஸ்கீயின் வடிவம். மட்டை ஒன்றை அப்படி வெட்டி மேசையில் ஒருபக்க ஓரத்தில் சாய்த்து வையுங்கள். மூக்கும் வாலும் மேசையைத் தொடும். இடுப்பு அந்தரத்தில் நிற்கும். இப்போது இடுப்பை விரலால் கீழே அழுத்துங்கள். மட்டை வில்லாக வளைந்து, ஓரம் முழுவதும் மேசையில் ஒரு வளைகோட்டை வரையும். ஸ்கீ திரும்புவதும் இதேதான்: சாய்க்கிறீர்கள், உங்கள் பாரம் நடுவை அழுத்துகிறது, வளைந்த விளிம்பின் வழியே பலகை ஓடுகிறது. R18 என்று எழுதியிருந்தால் 18 மீற்றர் வளைவு மட்டும்தான் வரும் என்று இல்லை. கூடச் சாய்த்தால் ஆரம் சுருங்கும். 60 பாகைக்குச் சாய்க்கத் தெரிந்தவருக்கு அது ஏறக்குறைய பாதியாகும்.

நோர்வேயின் மோர்கெடால் கிராமத்து சோன்ட்ரே நோர்ஹெய்ம் 19ஆம் நூற்றாண்டிலேயே இடுப்பு ஒடுங்கிய பலகையில் இறங்கிக் காட்டினார். ஆனாலும் அதற்குப் பிறகு நெடுங்காலம் பலகைகள் கிட்டத்தட்ட நேராகத்தான் இருந்தன. ஆட்கள் இரண்டு மீற்றர் நீளத்தில் மல்லுக்கட்டினார்கள். ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் 1993இல் ஆழமாக இடுப்பு வெட்டிய எஸ்சிஎக்ஸ் ஸ்கீயைக் கொண்டுவந்த பிறகுதான் உலகம் மாறியது. பலகை தானாகவே திரும்பத் தொடங்கியதால் நீளம் குறைந்தது. மறுபக்கம், ஸ்கீ வீரர் ஷேன் மக்கொங்கி 2002இல் வொலான்ட் நிறுவனத்தோடு சேர்ந்து ஸ்பட்டுலா என்ற ஸ்கீயைக் கொண்டுவந்தார். நடு அகன்று, மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்த, எல்லாம் தலைகீழான பலகை. தூள்பனியில் அது பறந்தது, கெட்டிப்பாதையில் தவித்தது. இன்றைய ஓல்-மவுண்டன் ஸ்கீயின் மூக்கில் உள்ள ரொக்கர் அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது, இடுப்பு எலானுக்குக் கடன்பட்டிருக்கிறது.

வாங்கும்போது 14, 15 மீற்றர் ஆரம் என்றால் குறுகிய வளைவுகளை விரும்பும் பலகை. வேகத்தில் நேராகப் போக விடாமல் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். 20க்கு மேல் என்றால் நீண்ட, அகன்ற வளைவு. மெதுவாகப் போகிறவரிடம் வளையாமல் முரண்டு பிடிக்கும். 16 முதல் 18 பாதுகாப்பான நடு.

விறைப்பாக இருக்க வேண்டுமா, வளைய வேண்டுமா?

மூக்கைப் பிடித்து, வாலைத் தரையில் ஊன்றி, நடுவை உள்ளங்கையால் தள்ளிப் பாருங்கள். நீங்கள் அசைக்கவே முடியாத பலகையை உங்கள் எடையும் அசைக்காது. பலகையின் தடிப்பில் சிறிய மாற்றமே விறைப்பில் பெரிதாகத் தெரியும்: தடிப்பு இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பலகைகள் காலில் வேறுவேறு ஆட்களாக இருக்கும்.

நான் ஸ்காபரோவில் இருக்கிறேன், தமையன் சுவிஸில் இருக்கிறார். அவர் வாங்கிய ஸ்கீயையே நானும் வாங்கலாமா?

வாங்கி அவதிப்பட்டவர் ஒருவர் நம் குடும்பத்திலேயே இருக்கிறார். ஒன்ராறியோவின் புளூ மவுண்டன் உச்சியிலிருந்து அடிவரை ஏறக்குறைய 220 மீற்றர் இறக்கம். உருகி உறைந்த பனியும் இயந்திரம் தூவிய பனியுமாகப் பாதை கெட்டியாக இருக்கும். அங்கே 186 நீளம், 104 இடுப்பு, 2,100 கிராம் பலகையோடு போய் நின்றார், 68 கிலோ எடையுள்ள நம்மாள். அந்தப் பலகைக்கு வேகம் பிடிப்பதற்குள் மலை முடிந்துவிடும். அவருக்கு 170 அளவில், 80 முதல் 84 இடுப்பு, நடுத்தர எடை போதும் என்றேன். தமையன் எங்கெல்பேர்க்கில் 3,000 மீற்றர் உயரத்து டிட்லிஸ் பக்கம் புதுப்பனி விழுந்த மறுநாள் இறங்குகிறவர். அவருக்கு 95 பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்தே போக நினைப்பவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது காஷ்மீரின் குல்மார்க். கேபிள் கார் 3,900 மீற்றருக்கு மேலே கொண்டுபோய் விடுகிறது. மேற்பகுதி முழுக்கச் சீர்செய்யாத ஆழமான பனி. அங்கே அகலமான பலகையை வாடகைக்கு எடுங்கள். ஒரு வாரத்துக்காக வாங்காதீர்கள்.

பெண்களுக்கான ஸ்கீ என்று தனியாக விற்கிறார்களே, வேறுபாடு இருக்கிறதா?

பல மாதிரிகளில் அதே அச்சு, இலேசான உள்மரம், குறுகிய அளவுகள், சற்று முன்னே தள்ளிய பைண்டிங் இடம். பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு எடையையும் விறைப்பையும் பாருங்கள். 55 கிலோ எடையுள்ள ஆணுக்கும் அது பொருந்தும். 75 கிலோ எடையோடு வேகமாக இறங்கும் பெண்ணுக்கு மற்றது பொருந்தும்.

வளருகிற பிள்ளை, ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடலாமா?

பள்ளிக்கூடச் சீருடையை மடித்துத் தைத்து இரண்டு வருடம் போடவைக்கிற புத்தியை இங்கே கொண்டுவர வேண்டாம். நாடிக்கு மேல் போகாமல், இலேசாக, எளிதில் வளைவதாக எடுங்கள். பருவ வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் எங்கும் உண்டு. பிள்ளை வளர்ந்தால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம்.

மைத்துனர் தன் பழைய ஸ்கீயைச் சும்மா தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

எனக்கும் ஒருவர் தந்தார். 198 சென்ரிமீற்றர், நேரான பலகை, இடுப்பு இருக்கிற இடமே தெரியாது. என் முதல் குளிர்காலம் முழுவதும் அதில் விழுந்து எழுந்தே கழிந்தது. திரும்பி வரும்போது ஏதோ ஒரு பாசத்தில் அதையும் கப்பல் பெட்டிக்குள் போட்டேன். இப்போது பின்வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கிறது. அம்மா அதன்மேல் பாய்களைக் காயப்போடுகிறார். உப்புக் காற்றில் உருக்கு விளிம்பு துருவேறி, சென்ற மாதம் ஒரு வெள்ளைப் போர்வையில் நீளத்துக்கு ஒரு செங்கோடு போட்டுவிட்டது.

பத்து வருடத்துக்கு உட்பட்டது, விளிம்பில் வெடிப்பில்லை, எண்கள் மேலே சொன்னவற்றுக்குள் வருகின்றன என்றால் எடுங்கள். ஆனால் பைண்டிங்கைப் பட்டறையில் காட்டாமல் ஏறாதீர்கள். உங்கள் சப்பாத்தின் அடி நீளம், எடை, உயரம், வயது, எப்படி இறங்குகிறீர்கள் என்பதைக் கொண்டு, விழும்போது சப்பாத்து கழலும் விடுவிப்பு அளவைத் திரும்ப வைக்க வேண்டும்.

அப்படியானால் நானும் மனைவியும் ஒரே சோடியை மாறி மாறிப் பாவிக்கலாமா?

முடியாது. உங்களுக்கு வைத்த பைண்டிங், அவர் விழும்போது கழலாது; அவருக்கு வைத்தது, நீங்கள் திரும்பும்போதே கழன்றுவிடும். ஒருவர் வாங்குங்கள், மற்றவர் வாடகைக்கு எடுக்கட்டும்.